ஏழரை அடி

நிலம் அளப்பதை எளிய வேலை என்று எண்ணுவோர் பலர். நாடாவின் இரு முனைகளையும் பிடிக்க இருவர், எண்ணைக் குறித்துக்கொள்ள ஒருவர், பெருக்கத் தெரிந்தவர் ஒருவர். இவ்வளவு போதும் என்றே நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதை எனக்குக் கற்பித்தவை இரண்டு. ஒன்று, ஐம்பது சென்டுக்கும் குறைவான ஒரு நிலம். மற்றொன்று, எட்டாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமியின் கணக்கு ஏடு. செவ்வகம், முக்கோணம், சரிவகம் ஆகியவற்றின் பரப்பளவைப் பற்றி எழுத ஒரு பங்குத்தந்தைக்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் வியக்கலாம். என் கணக்குப் பிழையால் ஓர் அண்ணனும் தங்கையும் ஓராண்டுக் காலம் பேசாதிருந்தார்கள். ஆகவேதான் எழுதுகிறேன்.

அது 2004ஆம் ஆண்டு. காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு சிற்றூரில் நான் பங்குத்தந்தையாக இருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த முதிய விவசாயி ஒருவர் இறந்து ஓராண்டு நிறைவுற்றிருந்தது. அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள் கணவனை இழந்து, ஒரே பெண் குழந்தையோடு தாய்வீடு திரும்பியவர். இருக்கும் நிலம் இருவருக்கும் சரிபாதி என்பது தந்தையின் கடைசி விருப்பம். மகனும் அதை மனமார ஏற்றுக்கொண்டிருந்தார். தங்கைக்குப் பங்கு கொடுப்பதில் தயங்கும் அண்ணன்மார் நிறைந்த நாட்டில் அவருடைய மனம் பெரிது. ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்த அன்று இருவரும் அறைக்கு வந்தனர். “நீங்களே அளந்து பிரிச்சுக் குடுங்க, சாமி. நீங்க நடுற கல்லுக்கு மறுபேச்சு இல்லை” என்றார் அண்ணன்.

லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இதே வேண்டுகோளோடு ஒருவன் இயேசுவிடம் வருகிறான். சகோதரனோடு சொத்தைப் பங்கிட்டுத் தரச் சொல்லிக் கேட்கிறான். அவரோ பாகம் பிரிப்பவராகத் தம்மை ஏற்படுத்தியது யார் என்று கேட்டு மறுத்துவிடுகிறார். குருமடத்தில் இறையியல் பயின்ற காலத்தில் அப்பகுதியைப் பற்றி நீண்டதொரு கட்டுரை எழுதி ஆசிரியரின் பாராட்டைப் பெற்றவன் நான். அன்று மாலை அது என் நினைவுக்கு வரவே இல்லை. மறுநாளே நாடாவோடு புறப்பட்டுவிட்டேன்.

நிலத்தின் அமைப்பைச் சற்றே மனத்தில் வரைந்துகொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன். தெற்கே சாலை, வடக்கே வாய்க்கால். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்கின்றன. மேற்கு வரப்பு சாலையிலிருந்து வாய்க்காலுக்கு நேர் செங்குத்தாகச் செல்கிறது. அதன் நீளம் 80 அடி. கிழக்கு வரப்பு மட்டும் நேராக நில்லாமல் மேற்கு நோக்கிச் சாய்ந்து செல்கிறது. அதன் நீளம் 100 அடி. ஆகவே சாலையோரத்தில் 285 அடி அகலமுள்ள நிலம் வாய்க்காலோரத்தில் 225 அடியாகக் குறைந்துவிடுகிறது.

இத்தகைய நான்கு பக்க நிலத்தைக் கணக்கிட எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு. கிடைக்கும் இரண்டு எண்களையும் பெருக்கு. நானும் அவ்வழியே சென்றேன். சாலையின் மேற்கு முனையிலிருந்து 135 அடியில் ஒரு கல்லும், அதற்கு நேர் எதிரே வாய்க்காலோரத்தில் ஒரு கல்லும் குறித்தேன். மேற்குத் துண்டு செவ்வகம். 135 அடிக்கு 80 அடி. 10,800 சதுர அடி. கிழக்குத் துண்டில் சாலையோரம் 150 அடி, வாய்க்காலோரம் 90 அடி, பாதி 120. மற்ற இரு பக்கங்களும் 80, 100, பாதி 90. நூற்றிருபதைத் தொண்ணூறால் பெருக்கினால் அதுவும் 10,800. ஓர் அடி கூடப் பிசகாமல் இரண்டும் ஒத்து வந்தது கண்டு நான் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. மேற்குத் துண்டு அண்ணனுக்கு, கிழக்குத் துண்டு தங்கைக்கு என்று முடிவாயிற்று. செபம் சொல்லிக் கல்லை நட்டோம். அடுத்த மாதமே பத்திரமும் பதிவாயிற்று.

அன்றே எனக்கு ஓர் எச்சரிக்கை இருந்தது. தந்தையின் பழைய பட்டாவில் நிலம் 47 சென்ட் என்றிருந்தது. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. என் கணக்கில் இரு பங்கும் சேர்ந்து 21,600 சதுர அடி. அதாவது ஏறத்தாழ 49½ சென்ட். நிலம் எங்கிருந்தும் வளர்ந்துவிடாது என்பதைச் சிறு குழந்தையும் அறியும். நானோ, பழைய அளவுகளில் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அந்த இரண்டரை சென்டைக் கடந்து போய்விட்டேன்.

மூன்றாண்டுகள் சென்றன. 2007ஆம் ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் அந்தத் தங்கையின் மகள் ஏட்டோடு வந்து நின்றாள். பள்ளியில் சரிவகத்தின் பரப்பளவு நடந்துகொண்டிருந்தது. ஏதேனும் ஓர் உண்மையான இடத்தை அளந்து கணக்கிட்டு வரும்படி ஆசிரியை சொல்லியிருந்தாராம். சிறுமி தங்கள் நிலத்தையே அளந்திருக்கிறாள். “சாமி, எனக்கு 9,600 தான் வருது. நீங்க எழுதிக் குடுத்த தாள்ல 10,800ன்னு இருக்கு. நான் எங்க தப்பு பண்ணேன்னு பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

பிழை தன்னுடையது என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை. அந்த நம்பிக்கையை இன்று நினைத்தாலும் நெஞ்சு கூசுகிறது. அரை மணி நேரம் அவள் ஏட்டில் பிழை தேடினேன். இணையான பக்கங்கள் இரண்டையும் கூட்டியிருந்தாள், 240. அதில் பாதி, 120. அதை 80ஆல் பெருக்கியிருந்தாள். 100 அடி வரப்பை அவள் எடுத்துக்கொள்ளவே இல்லை. “இவ்வளவு நீளமான வரப்பை விட்டுவிட்டாயே, அம்மா” என்றேன். “அது சாஞ்ச பக்கம், சாமி. உயரம் வேற, பக்கம் வேற” என்றாள். நான் விளங்காமல் விழிப்பதைக் கண்டு, மேசை மேலிருந்த பழைய நாள்காட்டித் தாள்களைக் கேட்டு வாங்கி, கத்தரிக்கோலால் வெட்டத் தொடங்கினாள்.

முதலில் செவ்வகம். பரப்பளவு என்பது வேறொன்றும் இல்லை. ஓர் அடிக்கு ஓர் அடியான சதுரக் கட்டங்கள் எத்தனை அடங்கும் என்ற எண்ணிக்கையே. வரிசைக்கு எட்டுக் கட்டம், அப்படி ஐந்து வரிசை என்றால் நாற்பது கட்டம். எனவே நீளத்தை அகலத்தால் பெருக்குகிறோம். நேரடியாக இவ்வாறு எண்ணிவிடத் தக்கவை செவ்வகமும் சதுரமுமே. மற்ற வடிவங்களில் ஓரக் கட்டங்கள் வெட்டுப்படும். ஆகவே அவற்றையெல்லாம் எப்படியாவது செவ்வகத்திற்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

அடுத்தது இணைகரம். சாய்ந்து நிற்கும் தாளின் மேல் மூலையிலிருந்து அடிப்பக்கத்திற்குச் செங்குத்தாக ஒரு கோடு. அதன் வழியே வெட்டினால் ஒரு முனையில் சிறு முக்கோணம் கழன்று வருகிறது. அதை மறுமுனையில் கொண்டுபோய்ப் பொருத்தினாள். இணைகரம் செவ்வகம் ஆயிற்று. ஒரு துளித் தாளும் கூடவில்லை. ஒரு துளியும் குறையவில்லை. புதிய செவ்வகத்தின் நீளம் பழைய அடிப்பக்கமே. அதன் அகலமோ சாய்ந்த பக்கம் அன்று. அந்தச் செங்குத்துக் கோடு.

பிறகு ஒரே அளவுள்ள இரண்டு முக்கோணங்களைச் சேர்த்தாள், இணைகரம் வந்தது. ஆதலால் முக்கோணம் என்பது அடிப்பக்கத்தையும் செங்குத்துயரத்தையும் பெருக்கி வருவதில் பாதி. கடைசியாக, ஒரே அளவுள்ள இரண்டு சரிவகங்கள். ஒன்றை அப்படியே வைத்து மற்றதைத் தலைகீழாகத் திருப்பிப் பக்கத்தில் ஒட்டினாள். சாலையோரமும் வாய்க்காலோரமும் ஒரே கோட்டில் நின்றன. 150உம் 90உம் சேர்ந்து 240 அடி நீளமுள்ள இணைகரம். உயரம் அதே 80 அடி. பரப்பு 19,200, அதில் பாதி 9,600. அண்ணனின் 10,800ஐ இதனோடு கூட்டினேன். 20,400 சதுர அடி. அதைச் சென்டாக்கினால் 46.8. பழைய பட்டாவின் 47 சென்ட் எதிரே வந்து நின்றது.

ஆளுக்கு 10,200 சதுர அடி வந்திருக்க வேண்டும். அண்ணனுக்கு 600 சதுர அடி கூடிவிட்டது. தங்கைக்கு 600 குறைந்துவிட்டது. அறுநூறை எண்பதால் வகுத்தால் ஏழரை. நான் நட்ட கல் ஏழரை அடி கிழக்கே தள்ளி நின்றிருக்கிறது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நான் படுத்திருந்தது பழைய கயிற்றுக் கட்டில். மூட்டுகள் தளர்ந்து, புரண்டால் ஒரு பக்கமாகச் சாயும். அப்போதுதான் என் பிழை முழுமையாக விளங்கிற்று. ஆறடிக்கு நான்கடியான கட்டிலில் படுக்கும் இடம் 24 சதுர அடி. அது சாய்ந்து, நீளச் சட்டங்களுக்கு இடையிலான தூரம் மூன்றடி ஆகிவிட்டால் இடம் 18 சதுர அடியே. இன்னும் சாய்ந்து முற்றிலும் மடங்கினால் இடமே இராது. ஆனால் நான்கு சட்டங்களும் ஓர் அங்குலம் கூடக் குறைவதில்லை. பக்கங்களை மட்டும் அளந்தவன் மடங்கிய கட்டிலையும் 24 சதுர அடி என்றே எழுதுவான். நான் செய்ததும் அதுவே. எதிரெதிர்ப் பக்கங்களைப் பாதியாக்கிப் பெருக்கும் வழி செவ்வகத்திற்கு மட்டுமே சரியான விடை தரும். பிற நாற்கரங்கள் எதுவாயினும் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். ஒருபோதும் குறைத்துக் காட்டாது. வரி வாங்குபவனுக்கு அது இலாபம். பங்கு வாங்குபவனுக்கு நட்டம்.

பின்னர் நூல்களைத் தேடிப் படித்தபோது, இப்பிழை என் முன்னோரோடு தொடங்கியதன்று என அறிந்தேன். எகிப்து நாட்டில் எட்ஃபு என்னும் ஊரிலுள்ள கோயிலின் சுவர்களில், கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முந்திய நில அளவுக் குறிப்புகள் பொறிக்கப்பட்டுள்ளன. நான்கு பக்க வயல்களின் பரப்பு அங்கே இதே முறையில்தான் கணக்கிடப்பட்டுள்ளது. முக்கோண வயலாயின் நான்காவது பக்கத்தை ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டு அதே வழியில் பெருக்கியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் கணித அறிஞர் ஆரியபட்டர், கி.பி. 499ஆம் ஆண்டை ஒட்டித் தாம் இயற்றிய நூலில், முக்கோணத்திற்கு அடிப்பக்கத்தின் பாதியையும் செங்குத்துயரத்தையும் பெருக்கச் சொன்னார். சரிவகத்திற்கு இணைப்பக்கங்களின் கூட்டுத்தொகையில் பாதியை உயரத்தால் பெருக்கச் சொன்னார். அந்தச் சிறுமியின் ஏட்டில் இருந்தது அதுவே. 628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் எழுதிய நூலோ என்னை நேராகவே பார்த்துப் பேசியது. எதிர்ப்பக்கங்களின் பாதிகளைப் பெருக்கும் வழியை அவரும் தருகிறார். ஆனால் அதற்கு ‘ஸ்தூலம்’, அதாவது பருமட்டான அளவு, என்று பெயர் வைக்கிறார். துல்லியமான அளவை ‘சூக்குமம்’ எனத் தனியே பிரித்துக் கூறுகிறார். பருமட்டான கணக்கு பாவமன்று. விதை நெல் எவ்வளவு வேண்டும் என்று பார்க்க அது போதும். பருமட்டானதைத் துல்லியமானது என்று சொல்லிக் கல் நட்டுவிடுவதே குற்றம்.

இன்னொரு செய்தியும் என்னைச் சிந்திக்க வைத்தது. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரோக்ளஸ் என்னும் கிரேக்க அறிஞர், யூக்ளிடின் வடிவகணித நூலுக்கு உரை எழுதியவர். நிலம் பங்கிடுகையில் சிலர் செய்த சூழ்ச்சியை அவர் குறிப்பிடுகிறார். சுற்றளவு நீண்ட நிலத்தைக் கூட்டாளிக்கு விட்டுக்கொடுத்து, சுற்றளவு குறைந்ததைத் தாம் எடுத்துக்கொள்வார்களாம். உண்மையில் பரப்பு மிகுந்தது அவர்கள் எடுத்துக்கொண்டதே. ஊராரோ அவர்களைப் பெருந்தன்மையாளர் என்று புகழ்வார்களாம். பத்தடிக்குப் பத்தடி நிலத்தின் சுற்றளவு 40 அடி. பரப்பு 100 சதுர அடி. பத்தொன்பது அடிக்கு ஓரடி நிலத்திற்கும் சுற்றளவு 40 அடியே. பரப்போ 19 சதுர அடி. அறிந்தே செய்தவர்களுக்கும் அறியாமல் செய்த எனக்கும் வேறுபாடு உண்டு என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். 600 சதுர அடி இழந்த பெண்ணுக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்?

நான் அண்ணனைச் சந்திக்கச் செல்லுமுன்பே செய்தி வீட்டை எட்டிவிட்டது. மகளின் ஏட்டைப் பார்த்த தாய், அண்ணனும் சாமியாரும் சேர்ந்தே செய்த வேலை என்று முடிவு கட்டிவிட்டார். அண்ணனோ, தான் கொடுத்ததையே குறை சொல்கிறாள் என்று கொதித்தார். “ஏழரை அடிக்காகவா, சாமி, எம்மேல இந்தப் பழி?” என்று கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது. அவர் கேட்டது நியாயம். கல்லை நட்டவன் நான். பழியைச் சுமந்தவர் அவர். தவறு என்னுடையது என்று இருவர் வீட்டிலும் தனித்தனியே சொன்னேன். அண்ணனால் அதை நம்ப முடிந்தது. தங்கையால் முடியவில்லை. சாமியாருக்குக் கணக்குத் தெரியாது என்பதை விட, சாமியார் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்பதே அவருக்கு நம்பக் கூடியதாக இருந்தது. ஓராண்டு முழுவதும் ஒரே கோயிலில் இருவரும் இரு ஓரங்களில் நின்றார்கள்.

2008ஆம் ஆண்டு நில அளவர் வந்தார். அவர் செய்ததைப் பள்ளிப் பிள்ளைபோல் உடன் நின்று பார்த்தேன். பக்கங்களை மட்டும் அளந்துவிட்டு அவர் நிற்கவில்லை. மூலைக்கு மூலை குறுக்கே சங்கிலி பிடித்து நிலத்தை முக்கோணங்களாக்கினார். அந்தக் குறுக்குக் கோட்டிலிருந்து எதிர் மூலைகளுக்குச் செங்குத்துத் தூரங்களை எடுத்துப் படத்தில் குறித்தார். நான்கு சட்டங்கள் கொண்ட கட்டில் சாயும். குறுக்கே ஒரு சட்டம் அடித்துவிட்டால் சாயாது. மூன்று பக்கம் தெரிந்த முக்கோணம் வடிவம் மாறாது. நில அளவைக்கு முக்கோணம் ஏன் அடிப்படை என்பது அங்கே விளங்கிற்று. முடிவில் அவர் கண்ட அளவும் சிறுமி கண்ட அளவும் ஒன்றாகவே இருந்தன. அதைத் தன் கண்ணால் கண்டபின்னரே தங்கையின் முகம் சற்று இளகிற்று. கல் மேற்கே ஏழரை அடி நகர்ந்தது. திருத்தப் பத்திரத்திற்கான செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அதற்கும் அண்ணன் முதலில் இசையவில்லை.

அந்தப் பங்கை விட்டு மாற்றலாகிச் செல்லும் நாளில் சிறுமி கடைசியாக ஒரு பாடம் நடத்தினாள். பங்கு இல்லத்துக் கொல்லையில் வட்டமான கிணறு ஒன்று உண்டு. வட்டத்தை எப்படிச் செவ்வகமாக்குவது என்று வேடிக்கையாகக் கேட்டேன். ஒரு தாள் வட்டத்தை நடுவிலிருந்து ஓரத்திற்குப் பல கூறுகளாக வெட்டி, ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி என மாற்றி மாற்றி அடுக்கினாள். கூறுகள் எவ்வளவு மெல்லியவையோ அவ்வளவுக்கு அது செவ்வகத்தை நெருங்கியது. அதன் நீளம் சுற்றளவில் பாதி. அகலம் விட்டத்தில் பாதி. கிணற்றின் விட்டம் 14 அடி. சுற்றளவு ஏறத்தாழ 44 அடி. 22ஐ 7ஆல் பெருக்க 154 சதுர அடி. காரிநாயனாரின் கணக்கதிகாரம் தமிழில் சொல்லும் விதியும் அதுவே: பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்க வேண்டும். வளைந்த ஒன்றும் பொறுமையோடு பகுத்து அடுக்கினால் நேராகிவிடுகிறது.

அதற்குப் பின் நான் பணியாற்றிய பங்குகளிலும் பாகம் பிரித்துத் தரச் சொல்லிச் சிலர் வந்ததுண்டு. நில அளவரை அழைத்துக்கொள்ளுங்கள், உடன் வேண்டுமானால் வந்து நிற்கிறேன் என்றே சொல்லிவிடுகிறேன். பணிவு என்று சிலர் இதைப் பாராட்டுகிறார்கள். பணிவு அன்று, அனுபவம். நல்லெண்ணம் இருந்தால் போதும், நீதி தானே வந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். என் நல்லெண்ணம் அந்தக் கிழக்கு வரப்பைப் போல நீண்டுதான் இருந்தது. ஆனால் நீளம் வேறு, உயரம் வேறு. அன்புக்கும் அளவுகோல் வேண்டும். அந்தக் கோல் நேராக நிற்கவும் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வழியே சென்றபோது நிலத்தைப் பார்க்க இறங்கினேன். பழைய கல் நின்ற குழி மூடிப் புல் முளைத்திருந்தது. அண்ணனும் தங்கையும் வாய்க்கால் நீரை முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். வேண்டிய அளவு பேசிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் இல்லை. கல்லை ஒரு பகலில் நகர்த்திவிட்டோம். அவர்களிடையே நான் உண்டாக்கிய தூரம் எத்தனை அடி என்று அளக்க என்னிடம் நாடா இல்லை.

உங்கள் வீட்டிலும் என்றேனும் பாகம் பிரிக்கும் நாள் வரும். அன்று வரப்பின் நீளத்தைப் பார்த்து எவரும் தீர்ப்புச் சொல்ல விடாதீர்கள். செங்குத்துக் கோடு எங்கே என்று கேளுங்கள். அங்கே ஏட்டோடு ஒரு சிறுமி நின்றுகொண்டிருந்தால், அவள் கணக்கில் பிழை தேடுமுன் உங்கள் கணக்கை ஒருமுறை சரிபாருங்கள்.